டேப்பா ஸ்பேஸா என்று அடித்துக்கொள்ளும் டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

நீங்கள் கேட்டது இது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நிரலின் வரியை உள்ளே தள்ள டேப்பா ஸ்பேஸா, நிரல் எழுதும் எடிட்டர்களில் விம்மா ஈமேக்ஸா, அடைப்புக்குறியை எந்த வரியில் போடுவது என்று டீமில் மூத்தவர்கள் சாப்பாட்டு நேரத்திலும் வாதாடுகிறார்கள், ஒருவர் நிரலை மற்றவர்கள் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவிலும் வாதாடுகிறார்கள். "நீ எந்தக் கட்சி?" என்று உங்களையும் கேட்கிறார்கள். இதில் எதுதான் உண்மையில் முக்கியம், எந்தப் பக்கம் சேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்களே, "இதிலெல்லாம் எனக்கு ஒரு கருத்தும் இல்லை, நான் புரோகிராமர்தானா என்றே சந்தேகம் வருகிறது" என்று, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நீங்கள் புரோகிராமர்தான். உங்கள் மூத்தவர்களின் கருத்துகளில் பாதிக்கு மேல் அவர்கள் முதன்முதலில் உட்கார்ந்த மெஷினிலிருந்தும், முதன்முதலில் கற்றுக்கொடுத்தவரிடமிருந்தும் வந்தவை. உங்களுக்கும் தானாக வரும். அவசரப்பட்டு யாரிடமும் கடன் வாங்க வேண்டாம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும் பில்லிங், டேட்டாபேஸ், வெப் என்று ஓடியிருக்கிறேன். கேம் எழுதியதில்லை, சிப்புக்குள் ஓடும் நிரல் எழுதியதில்லை. அந்தத் துறைக்காரர்களுக்கு வேறு அனுபவம் இருக்கலாம். கீழே வரலாறாகச் சொல்வது உறுதியாகத் தெரிந்தது. என் கருத்தாக வருவதைக் கருத்து என்றே சொல்லிவிடுகிறேன், அதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விம். உள்ளே போனதும் ஹெச் தட்டினால் கர்சர் இடது பக்கம் போகும், ஜே தட்டினால் கீழே, கே மேலே, எல் வலது பக்கம். புதிதாகப் பார்ப்பவருக்கு இது யாரோ வேண்டுமென்றே செய்த கொடுமையாகத் தெரியும். உண்மையில் அதற்குப் பின்னால் ஒரு மெஷின் இருக்கிறது. 1976-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல், அதாவது பெரிய கணினியோடு இணைக்கும் திரையும் கீபோர்டும். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறியை அச்சிட்டிருந்தார்கள். ஏன் அந்த நான்கு என்று கேட்டால் அதற்கும் கணக்கு இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 8-ஆம் எண் ஓர் இடம் பின்னால் போவதற்கு, 10-ஆம் எண் ஒரு வரி கீழே இறங்குவதற்கு. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தான ஹெச்சைத் தட்டினால் 8, பத்தாவது எழுத்தான ஜேயைத் தட்டினால் 10. இடதும் கீழும் இப்படி அமைந்துவிட்டன, மற்ற இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. அதே டெர்மினலில் எஸ்கேப் விசை இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், கியூவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. விம்மில் நிமிடத்துக்கு இருபது தடவை எஸ்கேப் தட்ட வேண்டியிருக்கிறதே என்று நாம் அலுத்துக்கொள்கிறோம், அவருக்கு அது சுண்டுவிரலை லேசாக நகர்த்தும் வேலை. லினக்ஸில் வீட்டு டைரக்டரிக்கு ~ என்று போடுகிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் கீபோர்டில் ஹோம் என்ற சொல்லும் அந்த நெளிகோடும் ஒரே விசையில் இருந்தன.

விஐயின் கட்டளைகள் ஏன் ஓரெழுத்து, ஈரெழுத்தாகவே இருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. பில் ஜாய் நொடிக்கு 300 பிட் போகும் மோடம் வழியாக வேலை பார்த்தார். நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள். எண்பது எழுத்து அகலமும் 24 வரி உயரமும் உள்ள ஒரு திரையை முழுதாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1,920 எழுத்துகள். அப்படிப்பட்ட கம்பியில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணித்தான் செலவழிப்பார். அதே 1976-இல் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் நண்பர்களும் ஈமேக்ஸைத் தொடங்கினார்கள். அங்கே நிலைமை வேறு. திரையும் மெஷினும் ஒரே கட்டடத்தில் இருந்தன. பிறகு வந்த லிஸ்ப் மெஷின் கீபோர்டுகளில் கண்ட்ரோல் விசை ஸ்பேஸ்பாரை ஒட்டியே இருந்ததால் ஈமேக்ஸின் கண்ட்ரோல் சேர்க்கைகள் கட்டைவிரலுக்கு வாகாக விழுந்தன. இன்றைய லேப்டாப்பில் அதே சேர்க்கைகளைப் போட்டுச் சுண்டுவிரல் வலிக்கிறது என்பவர்களை எனக்குத் தெரியும். ஆக உங்கள் டீமில் இருவர் விம், ஈமேக்ஸ் என்று மோதிக்கொள்ளும்போது ஒரு மெதுவான தொலைபேசிக் கம்பியும் ஒரு வசதியான ஆய்வகமும் ஐம்பது ஆண்டு கழித்தும் பேசிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இது பழைய கோயில் கல்வெட்டைப் படிப்பது போல. நின்று படித்தால் ஊரின் கதை தெரியும்.

விம்மிலிருந்து வெளியே வரத் தெரியாமல் தவித்ததாக எழுதியிருந்தீர்கள். அதற்கு வெட்கப்படவே வேண்டாம். புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் 2012-இல் கேட்டார். 2017-இல் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியபோது அந்தத் தளமே அதைக் கொண்டாடி எழுதியது. என் கருத்து இது: விம்மை முழுதாகக் கற்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஐந்து விஷயம் தெரிந்தால் போதும். எழுத ஐ, நிறுத்த எஸ்கேப், தேட சாய்கோடு, சேமித்து வெளியேற கோலன் டபிள்யூ கியூ, சேமிக்காமல் வெளியேற கோலன் கியூ ஆச்சரியக்குறி. நடுராத்திரியில் ஒரு சர்வருக்குள் போய் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை மாற்ற வேண்டி வரும். அங்கே உங்கள் பளபளப்பான எடிட்டர் இருக்காது, பெரும்பாலும் விஐ இருக்கும். இன்னொன்றும் சொல்ல ஆசை. விம்மை உருவாக்கி 1991-இல் வெளியிட்ட பிராம் மோலனார் 2023-இல் காலமாகும்வரை அதைப் பராமரித்தார். விம்மை வெறுமனே திறந்தால் வரும் முதல் திரையில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி இருக்கும். முப்பது ஆண்டுகளாகத் தன் உழைப்புக்கு அவர் கேட்ட கூலி அதுதான். எடிட்டர் சண்டையில் எந்தக் கட்சிக்காரரும் அந்த வரியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

டேப், ஸ்பேஸ் விவகாரத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை நிரல்களைத் தொகுத்துக் கட்டும் மேக் என்ற கருவியுடையது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். அதற்கான கட்டளைகளை எழுதும் மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், எட்டு ஸ்பேஸ் போட்டால் கண்ணுக்கு அப்படியே இருந்தாலும் ஏற்காது, "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" என்று நின்றுவிடும். எழுதிய சில வாரங்களிலேயே இது தொல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். மாற்றினால் அவர்களுடைய ஃபைல்கள் கெட்டுப்போகுமே என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேர் சங்கடப்படக் கூடாது என்பதற்காக விட்டது, பிறகு உலகம் முழுக்க எத்தனையோ லட்சம் பேர் தலையைப் பிய்த்துக்கொள்ளக் காரணமானது. மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஏபிஐ ஒன்றை நான் புதிதாக வெளியிடும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். பத்துப் பேர் இருக்கும்போது மாற்றுவதற்கு ஒரு போன் போதும்.

மற்றபடி இந்தச் சண்டையில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பைத்தான் என்ற நிரல்மொழியின் உலகில் நான்கு ஸ்பேஸ், 2001-இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற நடைக் கையேடு அப்படிச் சொல்கிறது, பைத்தான் 3 இரண்டையும் குழப்பிக் கலந்தால் பிழை காட்டும். லினக்ஸின் மையமான கெர்னலில் டேப், அதுவும் எட்டு எழுத்து அகலம். கோ மொழியில் டேப், அதை நீங்கள் யோசிக்கவே வேண்டாம், ஜிஓஎஃப்எம்டி என்ற கருவி தானே அடுக்கிவிடும். மூன்று வழிகளிலும் உலகம் நம்பியிருக்கும் மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன, இதுவே போதுமான சாட்சி. என்னைக் கேட்டால், நான் ஒரு காரணத்துக்காக டேப் பக்கம் சாய்கிறேன், அது என் கண்ணுக்காக இல்லை. பார்வையற்ற புரோகிராமர்கள் பலர் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் டிஸ்ப்ளே வைத்துப் படிக்கிறார்கள். ஒரு வரிக்கு நாற்பது கட்டம் கொண்ட கருவி பரவலாக இருக்கிறது. மூன்று படி உள்ளே தள்ளிய ஒரு வரிக்கு நான்கு நான்காக ஸ்பேஸ் போட்டால் பன்னிரண்டு கட்டங்கள் வெறுமையாகப் போய்விடும். டேப் போட்டால் மூன்றே கட்டத்தில் அடக்கிக்கொள்ளலாம். எனக்கு எப்படி இருந்தாலும் ஒன்றுதான், இன்னொருவருக்கு அது நாற்பதில் ஒன்பது. உங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம். இல்லாவிட்டால் அந்தந்த மொழியின் வழக்கத்தோடு போங்கள்.

எண்பது எழுத்துக்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒருவர் ரிவ்யூவில் எழுதினார் என்று சொன்னீர்கள். ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் எண்பது பத்திகள். டெர்மினல்கள் அதையே பிடித்துக்கொண்டன, நாம் டெர்மினலைப் பிடித்துக்கொண்டோம். கெர்னல்காரர்களே 2020-இல் எச்சரிக்கை எல்லையை நூறுக்குத் தளர்த்திவிட்டார்கள். டார்க் மோடு, மெக்கானிக்கல் கீபோர்டு எல்லாம் அவரவர் கண், அவரவர் விரல். பக்கத்து மேசைக்காரருக்குச் சத்தம் கேட்காமல் இருந்தால் சரி.

அடைப்புக்குறி மட்டும் கொஞ்சம் வேறு ரகம். அதை எந்த வரியில் திறப்பது என்பது ருசி. போடுவதா வேண்டாமா என்பது ருசி கிடையாது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. ஐபோனிலும் மேக்கிலும் பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் நிரலில் ஒரு இஃப், அதாவது நிபந்தனை வரி. அதன் கீழே அடைப்புக்குறி இல்லாமல் "கோட்டு ஃபெயில்", அதாவது இறுதிப் பகுதிக்குத் தாவு, என்று ஒரு வரி. அதே வரி அப்படியே இன்னொரு முறை, அதே அளவு உள்ளே தள்ளி. படிக்கிறவர் கண்ணுக்கு இரண்டும் இஃபுக்குள் இருப்பதாகத் தோன்றும். சி மொழியின் கணக்கில் முதல் வரி மட்டும்தான் இஃபுக்குச் சொந்தம், இரண்டாவது எப்போதும் ஓடும். அது தாண்டிப்போன இடத்தில் விடை "பிழையில்லை" என்றே இருந்ததால், எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று பார்க்கும் கடைசிச் சோதனையே நடக்கவில்லை. ஒரு ஜோடி அடைப்புக்குறி இருந்திருந்தால் இரண்டாவது வரி உள்ளே அடங்கி, தீங்கில்லாமல் கிடந்திருக்கும். அதனால் ஒரே வரியானாலும் அடைப்புக்குறி போடுங்கள் என்று சொல்லும் மூத்தவரைப் பிடிவாதக்காரர் என்று நினைக்காதீர்கள். எது ருசி, எது அடிபட்டுக் கற்றது என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். "இதனால் என்ன உடைந்தது, சொல்லுங்கள் சார்" என்று கேளுங்கள். அடிபட்டவரிடம் தேதியோடு ஒரு கதை இருக்கும்.

என்னிடமும் ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு. கொங்குப் பக்கம் சில ஊர்களின் பால் சொசைட்டிகளுக்கு நாங்கள் ஒரு மென்பொருள் எழுதிக்கொடுத்தோம். காலையில் பால் ஊற்ற வருகிறவரின் எண், லிட்டர், கொழுப்பு அளவு மூன்றையும் கணினியில் போட்டால் ரசீது வரும், பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. அதில் பதிவைச் சேமிக்கும் பகுதியை நான் எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். அன்று டீமில் டேப், ஸ்பேஸ் சண்டை உச்சத்தில் இருந்தது. என் முந்நூறு வரிக்கு முப்பதுக்கு மேல் கருத்துகள் வந்தன. இந்த வரியில் ஸ்பேஸ் அதிகம், அந்த வேரியபிள் பெயரில் அடிக்கோடு வேண்டாம், இங்கே ஒரு வெற்று வரி விடு. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினேன். எல்லோரும் பச்சைக்கொடி காட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சொசைட்டியில் நான் நின்றிருந்தபோது வயதான அம்மா ஒருவர் தன் பால் அட்டையோடு வந்தார். "கண்ணு, நான் ஊத்தாத நாளே கெடையாது. இதுல ஒரு நாளக் காணோம் பாரு" என்றார். அட்டையில் செயலாளர் கையால் எழுதிய வரிசை முழுதாக இருந்தது, கணினிச் சீட்டில் ஒரு நாள் வெறுமை. முதலில் யாரோ பதிய மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடியது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 5.20-க்கு ஊற்றிய பால் சர்வரின் கணக்கில் முந்தின நாள் இரவு 11.50. ஐந்தரைக்கு முன்னால் வந்தால் நேற்றைய தேதி, பிறகு வந்தால் இன்றைய தேதி. முதல் நாள் 5.40-க்கு வந்தவர் மறுநாள் 5.20-க்கு வந்தால் இரண்டு பாலும் ஒரே தேதியில் விழும். ஒரே தேதிக்கு ஒரே காலைப் பால்தான் என்று நினைத்து, பின்னது முன்னதை அழித்து எழுதும்படி நானே எழுதியிருந்தேன். அந்த அம்மாவின் ஆறு லிட்டர் அப்படித்தான் போயிற்று. எத்தனை பேருக்கு எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று பழைய அட்டைகளை வாங்கி எடுத்து எழுத எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. எல்லோருக்கும் பணம் திருப்பிக் கொடுத்தோம்.

தேதியைக் கணக்கிடும் அந்த வரிக்கு நேராக ரிவ்யூவில் ஒரு கருத்து இருந்தது. கமாவுக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ் விடச் சொல்லியிருந்தார்கள். அந்த வரியை ஒருவர் நின்று படித்திருக்கிறார், அவர் கண் அதில்தான் போய் நின்றிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் மற்றவர்கள் நிரலில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதக் கவனம் அப்படித்தான் வேலை செய்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் சைக்கிள் கொட்டகை என்று ஒரு பெயர் உண்டு. 1957-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் சொன்னது: அணு உலைக்குப் பணம் ஒதுக்கும் கூட்டம் உலையை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, ஊழியர்களின் சைக்கிள் கொட்டகைக்கு என்ன கூரை போடுவது என்று முக்கால் மணி நேரம் பேசும். உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவில் ஒரு சின்னக் கட்டளையைப் பற்றி முடிவில்லாமல் விவாதம் ஓடியபோது பவுல்-ஹென்னிங் காம்ப் இந்தக் கதையை எடுத்துப் போட்டு எழுதினார், அன்றிலிருந்து அது நம் தொழிலின் சொல்லாகிவிட்டது. நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலும் இதைப் பார்க்கலாம். ரசத்தில் புளி கூடுதலா குறைவா என்று இலையில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் கருத்து இருக்கும். பந்தல் கால் உறுதியாக ஊன்றியிருக்கிறதா என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

அதனால் ஸ்டைல் சண்டையை மனிதர்களிடமிருந்து பிடுங்கிக் கருவியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர், கோவுக்கு முன்பே சொன்னது. நிரலைப் பதிவு செய்யும்போதே, அதாவது கமிட்டிலேயே, ஓடட்டும். அது அடுக்குவது யாருக்கும் முழுத் திருப்தியாக இருக்காது, எனக்கும் பிளாக் உடைக்கும் சில வரிகள் பிடிப்பதில்லை. ஆனால் அதை வைத்த பிறகு எங்கள் ரிவ்யூக்களில் "இந்தத் தேதி எந்த டைம்ஸோன்?" என்ற கேள்வி வரத் தொடங்கியது. கவனம் மிச்சமானால் என்னவெல்லாம் பிடிபடும் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்பவர் தூரத்து சர்வரை அடைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். விடாமல் தோண்டினார். எக்ஸ்ஸெட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் கருவிக்குள் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளக் கதவு வெளியே வந்தது. உலகத்தின் சர்வர்களுக்கெல்லாம் அது பரவுவதற்குமுன் பிடித்துவிட்டார்கள். அந்த அரை நொடியைப் பார்க்கும் கண் உங்களுக்கு வாய்க்க வேண்டும் என்றுதான் வாழ்த்துவேன்.

எந்தப் பக்கம் சேர்வது என்று இன்னும் கேட்டால், நம் எழுத்துக்கும் நம் பெயருக்கும் ஆதரவாக ஒரு கட்சி காலியாக இருக்கிறது, அதில் சேருங்கள். நேர்முகத் தேர்வில் ஒரு சொல்லைத் தலைகீழாக்கச் சொல்லியிருப்பார்கள், ஆங்கிலச் சொல்லில் செய்துகாட்டியிருப்பீர்கள். அதே நிரலுக்கு "தமிழ்" என்று கொடுத்துப் பாருங்கள். நமக்கு அது மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து துண்டு. தலைகீழாக்கினால் புள்ளி முதலில் வந்து அநாதையாக நிற்கும், மகரத்தின் இகரம் ழகரத்தில் போய் ஒட்டி "ழிமத" என்று ஆகும். நீளம் கேட்டாலும் குழப்பம்தான். பைத்தான் 5 என்னும், கோ 15 பைட் என்னும், ஸ்விஃப்ட் 3 என்னும். மூன்றுமே அவரவர் கணக்கில் சரி. ஆனால் "பெயர் பத்து எழுத்துக்குள்" என்று படிவத்தில் எழுதுகிறவர் எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று யாராவது கேட்க வேண்டாமா?

படிவம் என்றதும் பெயர் ஞாபகம் வருகிறது. கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து என்று போட்டுவிடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு பெயர், ஓர் இனிஷியல், அவ்வளவுதான். ஒற்றை எழுத்தைப் போட்டால் சிவப்புக் கோடு வரும். அப்பா பெயரை விரித்துப் போட்டால் வங்கியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் என்ற இடத்தில் "எஃப்என்யூ", அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சிட்டுத் தருகிறார்கள். பெயர் தெரியாமல் என்ன, பெற்றவர்கள் வைத்த பெயர் பக்கத்துக் கட்டத்தில்தானே இருக்கிறது! அந்தச் சிவப்புக் கோடு யாரோ ஒரு புரோகிராமர் ஒரு மதியம் எழுதிய ஒற்றை வரிக் கட்டுப்பாட்டின் விளைவு. இப்படி ஒரு வரி உங்கள் டீமின் ரிவ்யூவுக்கு வந்தால் அங்கே சண்டை போடுங்கள். ஆறு மாதக்காரர் என்று தயங்க வேண்டாம், உங்களுக்கு உங்கள் வீட்டுப் பெயர்கள் தெரியும், அது போதும்.

நாளை சாப்பாட்டு மேசையில் எந்தக் கட்சி என்று கேட்டால் ஏடிஎம்-3ஏ கதையைச் சொல்லுங்கள், விம்காரருக்கும் பிடிக்கும், ஈமேக்ஸ்காரருக்கும் பிடிக்கும். பிறகு மேசைக்குத் திரும்பி உங்கள் மென்பொருளின் தேடல் பெட்டியைத் திறந்து ஒரு சோதனை செய்யுங்கள். கௌரி என்ற பெயரை மூன்று விதமாகத் தட்டலாம். ககரத்தோடு ஔகாரக் குறியை ஒரே துண்டாகச் சேர்த்து ஒன்று, அதே குறியை இரண்டு துண்டாகப் பிரித்து ஒன்று, ஒற்றைக் கொம்பு போட்டு ள என்ற எழுத்தையே தட்டி "கெளரி" என்று ஒன்று. திரையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். முதல் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி முறையில் ஒன்றாக்கிவிடலாம், பெரும்பாலான மொழிகளில் அதற்கு ஒரு வரி போதும். மூன்றாவதை அது தொடாது, ஏனென்றால் கணினிக்கு அது வேறு எழுத்து. பலர் தட்டுவதோ அந்த மூன்றாவதைத்தான். அதற்கு நீங்களே ஒரு விதி எழுத வேண்டும். வெள்ளம், கெளுத்தி மாதிரி உண்மையிலேயே ள வரும் சொற்களைக் கெடுக்காமல் எழுத வேண்டும் என்பதால் கொஞ்சம் யோசிக்க வைக்கும். மூன்று விதத்திலும் தேடிப் பாருங்கள். எத்தனை கௌரி கிடைத்தார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், விதியைச் சேர்ந்து எழுதுவோம்.